என்பும் கற்பனையும்

விஞ்ஞானத்திலிருந்து பொருளெடுக்கும் கலைஞனுக்குரிய சுதந்திரம் எத்துணையது? மைக்கேல் கிரைட்டன் 1990இல் வெளியிட்ட ‘ஜுராசிக் பார்க்’ நாவலும், அதனை ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1993இல் ஆக்கிய திரைப்படமும் இவ்வினாவை எழுப்புகின்றன. அவற்றில் வரும் டைலோபோசோரஸ் என்னும் ஊனுண்ணி டைனோசர், விடை காண்பதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கு இது. இதன் என்புகளை அமெரிக்காவின் அரிசோனாவில் 1940இல் முதலிற் கண்டவர் நவஹோ இனத்தவரான ஜெசி வில்லியம்ஸ். 1942இல் அவற்றை அகழ்ந்தெடுத்த சாமுவேல் வெல்ஸ், 1954இல் மெகலோசோரஸ் இனத்தொன்றாக அவற்றை விவரித்தார். 1964இற் கிடைத்த மற்றோர் என்புக்கூடு தலைமீதிருந்த இரட்டைக் கொண்டையைப் புலப்படுத்தவே, ‘இரு கொண்டைப் பல்லி’ எனப் பொருள்படும் இன்றைய பெயரை அவரே 1970இற் சூட்டினார். இதன் தாடை வலிய கடிக்கு ஏற்றதன்று என்பது அவர் கருத்து.

கிரைட்டனின் கற்பனை இவ்விடத்திலேயே வேர்கொள்கிறது. தாடை வலியற்றதாயின் இரையை வீழ்த்துவது எவ்வாறு? நஞ்சுமிழ்ந்து என்பது நாவல் தரும் விடை. என்புகள் இதற்குச் சான்று பகரவில்லை. எனினும் அக்கால விஞ்ஞானக் கருத்தொன்றிலிருந்து பிறந்தமையால், அக்கற்பனைக்கு ஒரு நியாயம் உண்டு.

திரைப்படம் இவ்வெல்லையைக் கடந்தது. கழுத்தைச் சூழ விசிறிபோல் விரியும் தோலை அது புதிதாகச் சேர்த்தது. ஏறத்தாழ 7 மீற்றர் நீளமான விலங்கை மனிதனிலும் உயரங்குறைந்ததாகவுங் காட்டியது. விசிறித்தோலைப் பற்றி என்புகள் மௌனஞ் சாதிக்கின்றன. பருமனைப் பற்றியோ அவை தெளிவாகப் பேசுகின்றன. மௌனத்தை நிரப்புதல் கலைஞனின் உரிமை; பேசியதை மறுத்தல் அவ்வுரிமையுள் அடங்காது. அக்காட்சி அச்சமூட்டுவதில் வெற்றி பெற்றதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றியே குறையைப் பெரிதாக்கிற்று. பார்த்தோர் பலரின் உள்ளத்தில் அச்சிறு உருவே உண்மை உருவாகப் பதிந்துவிட்டது.

2020இல் அடம் மார்ஷ், திமோதி ரோ என்னும் ஆய்வாளர் இவ்வினத்தின் என்புகளை மீண்டும் விரிவாக ஆராய்ந்து, தாடை வலிய தசைகளைத் தாங்கவல்லதென நிறுவினர். பழைய மாதிரிகளிற் சாந்து கொண்டு நிரப்பிய பகுதிகளையும் உண்மையான என்பையும் முன்னைய விவரணங்கள் தெளிவாக வேறுபடுத்தவில்லை என்பதையும் அவர்கள் சுட்டினர். நஞ்சுக்கு ஆதாரமாக நின்ற காரணம் இவ்வாறு தகர்ந்தது. விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. 2022இல் வெளிவந்த ‘ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்’ படத்திலோ அவ்விலங்கு பழைய விசிறித்தோலோடும் நஞ்சோடுமே மீண்டும் தோன்றியது.

1990இல் எழுதியவரின் கற்பனை, அன்றைய அறிவோடு கைகோத்து நடந்தது. 2022இன் படைப்போ முன்னைய படத்தையே மூலமாகக் கொண்டது. என்பை நோக்கிப் பிறந்த கற்பனை, ஈற்றில் தன்னையே நோக்கத் தொடங்கியமைதான் இங்கு நேர்ந்த வீழ்ச்சி.