குழந்தைச் சிந்தனையை அளக்கும் வினாக்கள்

குழந்தையின் சிந்தனை வளர்ச்சி பற்றிய கோட்பாடுகளை உளவியலாரும் கல்வியியலாருமே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். மொழியியலார் அவற்றைப் பிற துறையின் முடிவுகளாக ஏற்றுக்கொண்டு மேற்செல்வதே வழக்கம். ஆயின் அக்கோட்பாடுகளுக்கு அடிப்படையான சான்றுகளுள் பெரும்பகுதி, குழந்தையிடம் கேட்கப்பட்ட வினாக்களும் அது தந்த விடைகளுமே. வினா என்பது ஒரு வாக்கியம். அதன் அமைப்பு விடையை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்று கேட்கும் பொறுப்பு மொழியியலாருக்கு உண்டு. அவ்வினா தமிழில் பெயர்க்கப்படும்போது அப்பொறுப்பில் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்கு வருகிறது.

ஜெனீவாவில் ஆய்வு நடத்திய ழான் பியாஜே (1896–1980) சிந்தனை வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பகுத்தார் என்பது யாவரும் அறிந்ததே. பிறப்பு முதல் இரண்டு வயது வரை புலனியக்க நிலை. ஏழு வயது வரை செயல்பாட்டுக்கு முந்தைய நிலை. பதினொரு வயது வரை பருப்பொருள்சார் செயல்பாட்டு நிலை. அதன் பின் முறைசார் செயல்பாட்டு நிலை. இங்குச் 'செயல்பாடு' என்ற சொல் வாசகரைத் தடுமாறச் செய்யும். பியாஜே குறிப்பது கைவினையை அன்று. மனத்துள் நிகழ்ந்து, மனத்துள்ளேயே திருப்பிச் செய்யத்தக்க வினையை. 'உள்வினை' என்ற ஆக்கம் இதற்கு ஓரளவு பொருந்தும்.

இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் பிரிக்கும் எல்லைக்கல் 'அளவு மாறாமை'ச் சோதனை. ஒரே வடிவுள்ள இரு கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீர் ஊற்றி, இரண்டும் சமமா என்று கேட்பர். குழந்தை ஆம் என்ற பின், ஒன்றிலுள்ள நீரை உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றி, மீண்டும் அதே வினாவைக் கேட்பர். உயரமான குவளையில் நீர் மிகுதி என்று சொல்லும் குழந்தைக்கு அளவு மாறாமை வாய்க்கவில்லை என்பது முடிவு.

இம்முடிவின் மீது வலுவான ஐயத்தை எழுப்பியவர்களுள் எடின்பரோவில் பணியாற்றிய மார்கரெட் டொனால்ட்சன் முதன்மையானவர். அவரும் பால்ஃபரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றரை வயதுக் குழந்தைகளுக்கு ஆப்பிள்கள் தொங்கும் இரு அட்டை மரங்கள் காட்டப்பட்டன. எதில் குறைவு என்று கேட்டபோது, குழந்தைகளுள் பலர் மிகுதியாக இருந்த மரத்தையே காட்டினர். ரோஸ், பிளாங்க் ஆகிய இருவரும் 1974-இல் காட்டியது இன்னும் நுட்பமானது. மாற்றத்துக்கு முன் கேட்கும் வினாவை நீக்கி, பின்னர் ஒரு முறை மட்டும் கேட்டால் பிழைகள் குறைகின்றன. பெரியவர் ஒருவர் அதே வினாவை மீண்டும் கேட்டால் முதல் விடை தவறு என்று பொருள் கொள்வது உரையாடல் நெறி. குழந்தை அந்நெறியைப் பின்பற்றுகிறது. ஆய்வாளரோ அதை அறியாமை எனக் குறித்துக்கொள்கிறார். மெக்காரிகிலும் டொனால்ட்சனும், வரிசையாக அடுக்கிய வில்லைகளை ஒரு குறும்புக் கரடிப் பொம்மை கலைத்துவிட்டதாகக் காட்டியபோது, நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுள் பெரும்பான்மையோர் எண்ணிக்கை மாறவில்லை என்றே கூறினர். பெரியவர் வேண்டுமென்று மாற்றியிருந்தால் அதைப் பற்றித்தான் வினவுகிறார் என்று கொள்ள இடமுண்டு. பொம்மை கலைத்ததற்கு அத்தகைய கருத்தேற்றம் இல்லை.

இச்சோதனையைத் தமிழில் நடத்தும்போது முதலில் எழும் சிக்கல் 'அதிகம்' என்ற சொல். ஆங்கிலத்தின் 'மோர்' கூடுதலாக வேண்டுவதையும் ஒப்பிடுவதையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலக் குழந்தை அதை முதலில் கற்பது 'இன்னும் வேண்டும்' என்ற பொருளிலேயே. தமிழில் இவ்விரண்டும் தனித்தனிச் சொற்கள்: 'இன்னும் கொஞ்சம்' வேறு, 'அதைவிட அதிகம்' வேறு. ஆகவே ஆங்கிலக் குழந்தையின் தடுமாற்றம் அதே வடிவில் தமிழில் எழும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் இரட்டை வழக்கு வேறொரு தடுமாற்றத்தைத் தருகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு 'அதிகம்' ஏட்டுச் சொல். வீட்டில் அது கேட்பது 'ஜாஸ்தி', 'கூட', 'நெறைய'. இவற்றுள் 'நெறைய' ஒப்பீட்டுச் சொல்லே அன்று. இரு குவளையிலும் நெறைய இருக்கலாம். 'கூட' உடனிருத்தலையும் குறிக்கும். 'பெரிசு' என்றால் குழந்தை உயரத்தைச் சுட்டும். அவ்விடை சரியானதும் ஆகும். 'ரெண்டும் ஒண்ணா?' என்பது சம அளவை வினவுகிறதா, அதே பொருள்தானா என்று வினவுகிறதா என்பது பெரியவர்க்கே தெளிவில்லை.

சொல்லைக் காட்டிலும் தொடரமைப்பு இங்குக் கூடுதல் விளைவுடையது. 'இப்போ எதுல தண்ணி கூட இருக்கு?' என்னும் வினா, இரண்டில் ஒன்றில் மிகுதி என்பதை முன்கொண்டே கேட்கப்படுகிறது. அதற்கு 'ரெண்டுலயும் இல்ல' என்று விடையளிக்க வேண்டுமானால் குழந்தை பெரியவரின் முன்கோளை மறுக்க வேண்டும். 'இப்பவும் ஒரே அளவுதானா?' என்று கேட்டால் 'உம்' இடைச்சொல் முந்தைய நிலையின் தொடர்ச்சியை உணர்த்தி விடையை முன்னதாகவே தந்துவிடுகிறது. முதல் வினாவில் தவறும் குழந்தை இரண்டாம் வினாவில் தேறக்கூடும். அவ்வாறாயின் இரு முடிவுகளுக்கும் இடையில் வேறுபட்டது குழந்தையின் அறிவு அன்று.

லெவ் விகாட்ஸ்கியின் நிலை வேறு. அவருடைய நூல் 1934-இல் அவர் மறைந்த பின் ரஷ்ய மொழியில் வெளிவந்து, 1962-இல் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் பெற்றது. அதன் தலைப்பிலுள்ள 'ரேச்' பேச்சைக் குறிக்கும். ஆங்கிலத் தலைப்பில் அது 'மொழி' ஆயிற்று. 1987-இல் வந்த மறு மொழிபெயர்ப்பே 'பேச்சு' என்பதை மீட்டது. ஆங்கிலம் வழி வருவோர் தமிழிலும் 'மொழி' என்றே எழுதினால், அவர் ஆய்ந்தது அமைப்பையன்று, நிகழும் பேச்சை என்பது மறைந்துவிடும். சான்று அந்நூலிலேயே உண்டு. பியாஜே 1923-இல் 'தன்மையப் பேச்சு' என்றதை, வயதோடு தேய்ந்து மறைவது எனக் கொண்டார். விகாட்ஸ்கியோ, பிறமொழி பேசும் குழந்தைகளிடையே வைக்கப்பட்ட குழந்தையிடம் அப்பேச்சு பெரிதும் குறைவதைக் கண்டு, அது பிறரை நோக்கிய பேச்சிலிருந்தே கிளைத்து உட்பேச்சாக மாறுவது என்றார். இதற்குத் 'தன்முனைப்பு' என்று எழுதுவது தவறு. அச்சொல் குணக்குறையைச் சுட்டும். இன்னொரு சொல் 'ஒபுச்சேனியே'. கற்றல், கற்பித்தல் இரண்டையும் அது ஒருங்கே குறிக்கும். 1978-இல் வந்த ஆங்கிலத் தொகுப்பு அதைக் கற்றல் என்றது. 1987-இல் வந்தது கற்பித்தல் என்றது. பயிற்சி பெறுவதும் உண்டு, பயிற்சி அளிப்பதும் உண்டு. ஆதலின் 'பயிற்சி' இருபக்கமும் பொருந்தும். அதில் தொழில் வாடை சற்றே வீசுகிறது என்பது உண்மையே. இரண்டில் ஒன்றை இழப்பதைவிட அது மேல்.

குமரப் பருவத்தின் கருதுகோள்வழிச் சிந்தனையிலும் இதே சிக்கல் நேர்ந்துள்ளது. சீன மொழியினர் நிகழாததை நிகழ்ந்ததாகக் கொண்டு சிந்திப்பதில் இடர்ப்படுவர் என ப்ளூம் 1981-இல் எழுதினார். டெர்ரி ஆவ் 1983-இல் கதைகளை இயல்பான சீன நடையில் எழுதித் தந்தார், வாசித்தோர் இடர்ப்படவில்லை. குறை சோதனையின் மொழிபெயர்ப்பில் இருந்தது.

எனவே, தமிழ்க் குழந்தைகளிடம் நடத்தப்படும் இத்தகைய சோதனைகளின் அறிக்கையில் குழந்தையின் வயதும் விழுக்காடும் மட்டும் போதா. கேட்கப்பட்ட வினா எழுத்து வழக்கில் திருத்தப்படாமல், கேட்ட வடிவிலேயே, எந்த வட்டார வழக்கில், எத்தனை முறை கேட்கப்பட்டது என்பதுடன் அச்சாதல் வேண்டும். பயன்பட்டது 'எதுல'வா, 'இப்பவும்' என்பதா என்று அறியாமல் ஒரு குழந்தையை எந்த நிலையிலும் வைப்பதற்கில்லை.