வயலுக்குப் போகும் வெல்டிங் மிஷின்

தஞ்சை வட்டாரப் பட்டறைகளில் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் சொல்வது எடையைத்தான். எண்ணெயில் குளிரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினை, அதாவது ஆயில் செட்டை, நகர்த்த மூன்று பேர் வேண்டும். இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மொபெட்டில் போய்விடலாம். உண்மைதான். ஆறேழு கிலோ எங்கே, நூறு கிலோவுக்குக் குறையாத இரும்பும் செம்பும் எண்ணெயும் எங்கே? ஆனால் எடை மட்டும்தான் சிக்கல் என்றால் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்தால் தீர்ந்துவிடுமே. பழைய மிஷின் வயலில் தோற்பது, கொண்டுபோய் இறக்கிய இடத்தில் அது கேட்கிற மின்சாரம் கிடைக்காததால்.

கணக்கை எழுதியே பார்க்கலாம். பத்தாம் நம்பர் ராடு, அதாவது 3.15 மி.மீ., சுமார் 100 ஆம்பியரில் எரியும். அப்போது ஆர்க்கில் நிற்கும் வோல்டேஜ் 24. ஆக, இரும்பை உருக்கச் செலவாவது 2.4 கிலோவாட். பழைய டிரான்ஸ்ஃபார்மரோ ஆர்க் பற்றுவதற்காக 75 வோல்ட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு, பற்றிய பிறகு மிச்ச வோல்டேஜைக் காந்தப் புலத்தைக் கொண்டு அமுக்கி வைக்கிறது. அந்த அமுக்கலுக்கும் சேர்த்து லைனிலிருந்து அது இழுப்பது 7.5 கேவிஏ. சிங்கிள் பேஸில் 32 ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.4 பக்கம் கிடக்கும். அதே வேலைக்கு இன்வெர்ட்டர் கேட்பது, அதன் இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 4 கேவிஏ. 17, 18 ஆம்பியர். பாதிக்குப் பாதி.

இதிலேயே பழைய மிஷின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டறையில் மூன்று பேஸ் இணைப்பு இருந்து, ஆயில் செட்டை இரண்டு பேஸில், 415 வோல்ட்டில் மாட்டினால் அதுவும் லைனில் 18 ஆம்பியர்தான் எடுக்கும். ஒரு கெபாசிட்டரும் சேர்த்துவிட்டால் பவர் ஃபேக்டர் குறைபாடும் ஓரளவு சரியாகும். நாள் முழுக்க ஒரே இடத்தில் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறைக்காரர் மின்சாரக் காரணத்தைச் சொல்லி மிஷினை மாற்ற வேண்டியதில்லை. நகரத்துப் பட்டறைக்கு எழுதுவதானால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன்.

டெல்டாவில் வேலை பட்டறைக்கு வருவதில்லை. சேறடிக்கும்போது டிராக்டரின் கேஜ் வீல் பட்டை விட்டுப்போகும். அறுவடையின்போது பெல்ட் மிஷினின் அடிச்சட்டம் விரியும். சம்பா அறுப்பில் ஒரு மிஷின் அரை நாள் நின்றால் வாடகை மட்டுமா போகிறது? முற்றிய கதிர் சாய்கிறது, அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று சத்தம் போடுகிறார். மிஷினைக் கழற்றி ஊருக்குக் கொண்டுவர நேரமில்லை. வெல்டர்தான் போக வேண்டும். மதகு ஷட்டர்களும் அப்படித்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. மூடியபின் வரும் வறண்ட மாதங்களில்தான் வாய்க்கால் மதகுகளின் துருப்பிடித்த தகடுகளில் கை வைக்க முடியும். அவை நிற்கும் இடத்தில் மின்கம்பமே இருக்காது.

‘பக்கத்து பம்புசெட்டில் மூன்று பேஸ் இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். அது இலவச விவசாய இணைப்பு. அனுமதித்த காரியம் தவிர வேறொன்றுக்கு அதை எடுத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். அபராதம் விழுவது வெல்டருக்கு அல்ல, இணைப்பு வைத்திருக்கும் விவசாயிக்கு. மிஞ்சுவது ஜெனரேட்டர். சாதாரணமாக வாடகைக்குக் கிடைக்கும் 5 கேவிஏ ஜெனரேட்டரில் 7.5 கேவிஏ கேட்கிற மிஷினை மாட்டினால் ராடு ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் திணறி நிற்கும். 4 கேவிஏ கேட்பது ஓடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபின் இது இன்னும் தெளிவாயிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்னை சாய்ந்தது போலவே மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கூரைத் தகடு பறந்த கொட்டகைகள் வெல்டருக்காகக் காத்திருந்தன. அந்த நாட்களில் ஜெனரேட்டரில் ஓடாத மிஷின் வெறும் பாரம்.

இவ்வளவு சிறிய பெட்டிக்குள் இது எப்படி முடிகிறது? டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கருவின் பருமன் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. லைனில் வருவது நொடிக்கு 50 சுற்று. இன்வெர்ட்டர் அதை முதலில் டிசி ஆக்கி, பிறகு பல்லாயிரம் சுற்றாக நறுக்கி, உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மருக்குள் செலுத்துகிறது. அவ்வளவு கரண்ட்டை அவ்வளவு வேகத்தில் நறுக்கும் ஐஜிபிடி என்ற சில்லை உருவாக்கியவர் பி. ஜயந்த் பாலிகா; சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1969இல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தவர். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் பட்டறைகளில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அந்தச் சில்லும் அதைச் சுமக்கும் போர்டும்தான் புது மிஷினின் பலவீனமும். உள்ளே விசிறி ஓடுகிறது. கிரைண்டிங் தூளையும் வைக்கோல் தூசியையும் அது இழுத்துப் போர்டின்மேல் படியவைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதில் சேர்ந்தால் இரும்புத்தூள் மின்பாதையாகிவிடும். வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. மாதம் ஒருமுறை புளோயரால் ஊதித் துப்புரவு செய்கிறவரின் மிஷின் தாக்குப்பிடிக்கும். செய்யாதவர் ‘போர்டு போச்சு’ என்று கடைக்கு வருவார். மலிவு மிஷின்களில் போர்டு மாற்றும் செலவு புது மிஷின் விலையை எட்டிப் பிடிக்கும்.

பழைய செட்டில் போவது காயில். அதைக் கட்டத் தெரிந்தவர் டெல்டாவில் எங்கும் இருக்கிறார். பம்புசெட் மோட்டார்கள் இத்தனை ஓடுகிற நாட்டில் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எங்கே பார்த்தாலும் மோட்டார் ரீவைண்டிங் கடை உண்டு. அதே கை வெல்டிங் செட்டின் காயிலையும் கட்டிவிடும். கடைசியில் உடைத்து விற்றாலும் செம்பு செம்பு விலைக்குப் போகும். இன்வெர்ட்டர் ஆதரவாளர்கள் இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளுகிறார்கள். எனக்கு அது தள்ளத்தக்கதாகத் தெரியவில்லை. ஒரு கருவியை உள்ளூரிலேயே பழுது பார்க்க முடிகிறதா என்பது அதன் விலையில் பாதி.

இன்வெர்ட்டர் ஆர்க்கின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. அது ராடுக்குத் தருவது டிசி. டிசி ஆர்க் நிதானமாக நிற்கும், பொறி தெறிப்பது குறைவு. பன்னிரண்டாம் நம்பர் ராடை வைத்து மெல்லிய சதுரக் குழாயை ஓட்டை விழாமல் ஒட்டப் புதியவரும் கற்றுக்கொள்வார். அறுவடை மிஷினின் கடினமான பாகங்களுக்குத் தேவைப்படும் 7018 லோ ஹைட்ரஜன் ராடு சாதாரண ஏசி செட்டில் அணைந்து அணைந்து எரியும். டிசியில் ஒழுங்காக ஓடும். திருச்சி பெல் ஆலைக்கு வேலை செய்கிற துவாக்குடிப் பட்டறைகளுக்கு இது பழைய செய்தி.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சேற்றில் நின்று, நனைந்த கையுறையோடு கேஜ் வீலை ஒட்டுகிறவருக்கு ராடு மாற்றும் நேரம்தான் ஆபத்து. ஈரமும் நெருக்கமும் உள்ள இடங்களில் ஏசி மிஷினின் திறந்த வோல்டேஜ், அதாவது ஆர்க் இல்லாதபோது ராடில் நிற்கும் வோல்டேஜ், 48க்கு மேல் போகக்கூடாது என்கிறது ஐஇசி 60974 தரநிலை. டிசிக்கு 113 வோல்ட் வரை இடம் கொடுக்கிறது, ஏனென்றால் அதே வோல்டேஜில் ஏசிதான் தசையைப் பிடித்து இழுக்கும். நம் ஆயில் செட்டுகள் தருவது 70, 80 வோல்ட் ஏசி. பட்டறையின் உலர்ந்த தரையில் அது சரி. வயலுக்கு அதை எடுத்துப் போகவே கூடாது. மற்ற வாதங்கள் அனைத்தும் சமமாக நின்றாலும் இந்த ஒன்று வயலில் இன்வெர்ட்டர் பக்கம் தராசைச் சாய்க்கும்.

கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே ‘200 ஆம்பியர்’ என்று பெரிதாக எழுதி விற்கிறார்கள். 200 ஆம்பியரில் ஆர்க்குக்கு 28 வோல்ட், 5.6 கிலோவாட். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் வருவதே 3.7 கேவிஏ. அதிலிருந்து நியாயமாக எடுக்க முடிவது 90 ஆம்பியரை ஒட்டித்தான்: பன்னிரண்டாம் நம்பருக்குத் தாராளம், பத்தாம் நம்பருக்கு இழுபறி, எட்டாம் நம்பர் ராடுக்குப் பேச்சே இல்லை. அதோடு டியூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆற வேண்டும். அதுவும் 40 டிகிரி வெயிலுக்குள். சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் அந்த 40 மதியத்துக்கு முன்பே தாண்டிவிடும். ஆயில் செட் சூடாவதும் மெதுவாகத்தான். தடித்த தகட்டில் எட்டாம் நம்பர் ராடை வரிசையாக எரிக்க இன்றும் அதை மிஞ்ச மலிவு இன்வெர்ட்டரால் முடியாது.

ஆகவே என் தீர்ப்பு. டெல்டாவில் புதிதாக ஒரே ஒரு மிஷின் வாங்குகிறவர் இன்வெர்ட்டரை வாங்கட்டும். ஏற்கெனவே நல்ல ஆயில் செட் வைத்திருப்பவர் அதைச் செம்பு விலைக்குத் தள்ளாமல் பட்டறை மூலையிலேயே விட்டுவைத்து, வயலுக்கென்று இரண்டாவதாக ஒரு இன்வெர்ட்டர் சேர்த்துக்கொள்ளட்டும். பட்டறையை விட்டு நகராதவர் இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் முன்பக்கத்து எண்ணை நம்பாமல் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்: 60 சதவீதத்தில் எத்தனை ஆம்பியர், லைனில் எவ்வளவு இழுக்கும், எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும். இந்த மூன்றும் அச்சிடப்படாத மிஷினைக் கடைக்காரர் எந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.