மாத்திரை செய்வதும் செய்யாததும்

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கான இல்லமொன்றில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் தலைவலிக்காக பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பாடத்தில் ஒன்றத் தொடங்கினார்கள். இன்று ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறுக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட்டும் இதே வகை ஊக்க மருந்துதான். அது வேலை செய்கிறது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

"நோட்டை எடு, தேதி போடு, மூன்றாவது கணக்கை எழுது" என்கிறார் ஆசிரியர். பையன் நோட்டை எடுக்கிறான். பென்சிலுக்காகப் பையைத் துழாவும்போது கையில் ஒரு ஸ்டிக்கர் அகப்படுகிறது. தேதியும் கணக்கும் மறந்துபோகின்றன. இது திமிர் இல்லை. மூளையில் டோபமின் கிடைப்பதை மருந்து கூட்டும்போது, அந்த மூன்று கட்டளைகளும் அவன் மனதில் நிற்கின்றன. சாதாரண மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். பதிலுக்குப் பசி மந்திக்கும், மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் நிரம்பியே திரும்பும், சிலருக்கு இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

மருந்தை எடைபோட அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்த எம்டிஏ ஆய்வைப் பார்க்க வேண்டும். 1999-இல் வெளியான 14 மாத முடிவுகளில், கவனக்குறைவையும் பரபரப்பையும் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியைவிட மருந்தே முந்தியது. ஆனால் வெளி மருத்துவர்களிடம் விடப்பட்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டார்கள். அவர்கள் அவ்வளவு தேறவில்லை. ஆய்வுக் குழுவினர் மாதந்தோறும் பிள்ளையைப் பார்த்து, ஆசிரியரிடம் விசாரித்து அளவைத் திருத்தினார்கள். வித்தியாசம் அந்தக் கவனிப்பில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். அது நின்றபின், மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையிலான வேறுபாடும் மறைந்தது. தொடர்ந்து மருந்தெடுத்தவர்களின் வளர்ச்சியும் சற்றுக் குறைந்திருந்தது. உயரமும் எடையும் குறிக்காமல் பழைய சீட்டிலேயே மருந்தை நீட்டிப்பது சிகிச்சையே அல்ல.

இதைவிட என்னை உறுத்துவது நோயைக் கண்டறியும் விதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வகுப்பிலேயே வயதில் இளைய, டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்டதை 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. வயதின் துறுதுறுப்பு நோயாகிவிட்டது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்குமுன் தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்பது விதி. பள்ளியின் புகாரை மட்டும் கேட்டு மருந்தெழுதினால் இந்த விதிக்கு என்ன மரியாதை? மறுபக்கம், யாரையும் தொந்தரவு செய்யாமல் ஜன்னலையே பார்த்திருக்கும் பெண்பிள்ளைக்கு 'மந்தம்' என்ற பெயரே மிஞ்சுகிறது.

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்துக்குமுன் பெற்றோருக்குப் பயிற்சி என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, செய்த கையோடு பாராட்டு என அது எளிமையானதுதான். நம் ஊரில் மாத்திரை எழுதுபவர் கிடைக்கும் அளவுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லித்தருபவர் கிடைப்பதில்லை. "இவன் அப்பாவும் இப்படித்தான்" என்று பாட்டி தட்டிக்கழிப்பதும் உண்டு. அவர் சொல்வது மெய்தான். இக்கோளாறில் மரபின் பங்கு பெரிது. அதனாலேயே அந்த அப்பாவையும் பயிற்சியில் உட்காரவைக்க வேண்டும்.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி இல்லை. இது மட்டுமே உள்ள பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமென்று அந்தப் பட்டியலைக் காட்டிக் கேட்க வழியில்லை. அந்தப் பெயரை அதில் சேர்த்தாக வேண்டும்.