பாதித் திருப்பத்தில் ஒரு மரம்

நெய்வேலிச் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியில் சில துண்டுகள் இன்னும் மரமாகவே இருக்கும். நகத்தால் நெம்பினால் வரியோடு வரியாகச் செதில் பெயரும். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் மண்ணுக்கடியில் கிடந்து, 1961இல் வெட்டுக்கு வந்த காடு அது. வரி தங்கிவிட்டது. ஆனால் அந்த மரத்தை விறைப்பாக நிற்கவைத்த செல்லுலோஸ் பெரும்பாலும் போய்விட்டது.

அது எப்படிப்பட்ட பொருள் என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். அரிசிக் கஞ்சியின் மாவுப்பொருளும் குளுக்கோஸ் சங்கிலி, செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. வேறுபாடெல்லாம் இணைப்பில்தான். மாவில் ஆல்பா இணைப்பு, சங்கிலி சுருண்டுகொள்கிறது. செல்லுலோஸில் பீட்டா இணைப்பு; ஒவ்வொரு குளுக்கோஸும் முன்னதற்கு 180 பாகை திரும்பி உட்கார்கிறது. அந்தப் பாதித் திருப்பம் சங்கிலியை நேராக நீட்டிவிடுகிறது. மரத்தில் ஒரு சங்கிலியில் பத்தாயிரம் குளுக்கோஸ் வரைகூட இருக்கும்.

நேரானதும் நடப்பதுதான் அழகு. மூன்றாம் கார்பனின் ஹைட்ராக்சில், அடுத்த வளையத்தின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றுகிறது. ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சில் பக்கத்துச் சங்கிலிக்கு நீள்கிறது. சங்கிலிகள் சேர்ந்து தகடாகின்றன. ஹைட்ராக்சில்கள் எல்லாம் தகட்டின் தளத்திலேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்க, மேலும் கீழும் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்களே மிஞ்சுகின்றன. நீரை விரும்பும் முனைகளை விளிம்புகளுக்கு ஒதுக்கிவிட்டு, நீரை நாடாத முகங்களால் தகட்டின்மேல் தகடாக அடுக்கிய இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலு, சகப்பிணைப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆயிரக்கணக்கில் கைகோத்தபோது மழையில் கரையாத மரம் கிடைத்தது.

பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போடும்போது இந்த இரண்டு குளுக்கோஸ் சங்கிலிகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. தண்ணீர் தெளித்துத் தேய்த்தால், ஒழுங்கு குலைந்த இடங்களில் மட்டும் நீர் புகுந்து பிணைப்புகளைத் தளர்த்துகிறது. பெட்டியின் சூட்டில் நீர் போனதும் புதுப் பிணைப்புகள் விழுகின்றன, மடிப்பு நிற்கிறது. சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிய படிகப் பகுதிகளுக்குள் அந்த நீர் நுழைவதேயில்லை.

நெய்வேலி மரத்தில் இருந்த அப்படிப்பட்ட செல்லுலோஸைத் தின்றவை பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும். ஒரே வகை இணைப்பு திரும்பத் திரும்ப வருவதால், அதை வெட்டத் தெரிந்த நொதிகளுக்குச் சங்கிலி முழுவதும் வழி திறந்துவிடுகிறது. வலுவைத் தந்த ஒழுங்கே அழிவுக்கும் இடம் கொடுத்தது. மரத்தில் செல்லுலோஸுக்குப் பக்கத்தில் இருந்த லிக்னின் என்ற பொருளோ ஒழுங்கற்ற பின்னல். பலவகை இணைப்புகள் கொண்டது. காற்றுப் புகாத சதுப்பில் அதைச் சிதைப்பது கடினம். அதனால் அது உருமாறித் தங்கியது. 1962 முதல் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களில் எரிந்துவருவதில் பெரும்பங்கு அந்த லிக்னின் விட்டுச்சென்ற கரிதான்.