கன்னிப் படைப்புகளுள் முதலிடம் எதற்கு?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. இயக்குநர்களின் முதற்படங்களைத் தரவரிசைப்படுத்தப் புகுவோர் பலர் இதனைத் தலைகீழாக்கி, விளைச்சலைப் பார்த்து முளைக்கு மதிப்பளிக்கின்றனர். அது திறனாய்வு ஆகாது. அதுவரை திரையில் எவரும் காட்டாத எதனை இப்படம் காட்டிற்று என்பதே முதற்படத்தின்முன் வைக்கத்தக்க வினா.

ஒப்பாய்வுக்கு ஏற்ற தமிழ்ப் படங்கள் மூன்று உள. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977இலும், மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' ஆகியவை 1978இலும் வெளிவந்தன. மூன்றிற்கும் இசை இளையராஜா. மூன்றிலும் ரஜினிகாந்த் நடித்துள்ளார். ஆகவே, வேறுபாட்டை இயக்குநரின் நோக்கிலேயே தேடுதல் வேண்டும்.

பாரதிராஜா படப்பிடிப்பு அரங்கை விடுத்து உண்மையான கிராமத்திற்குச் சென்றார். கமல்ஹாசனின் அழகுத் தோற்றத்தைக் களைந்து அவரைச் சப்பாணியாக்கினார். பின்வந்த கிராமியப் படங்கள் பலவற்றிற்கு இதுவே வழிகாட்டி. ஆயினும், கதையின் முடிச்சை அவிழ்க்க ஒரு கொலையைத் துணைக்கு அழைத்தமை இதன் குறை. இது மூன்றாமிடம் பெறும்.

மகேந்திரன் உரையாடல் எழுதிப் பெயர் பெற்றவர். அவரே தம் படத்தில் உரையாடலைச் சுருக்கிக் காட்சியைப் பேச வைத்தார். தங்கையைப் பொறியாளருக்கு மணமுடிக்க இசையும் காளி, அப்போதும் அவரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்றே கூறுகிறான். பாத்திரம் தன் இயல்பு திரியாமல் நிற்கும் இவ்விடம் அரியது. கலைநிறைவில் மூன்றனுள் இதுவே சிறந்தது. ஆயினும் அண்ணன் தங்கைப் பாசம் தமிழ்த் திரைக்குப் புதிதன்று. எனவே இதற்கு இரண்டாமிடமே.

முதலிடம் 'அவள் அப்படித்தான்' படத்திற்கே உரியது. அதன் நாயகி மஞ்சு திருத்தப்படவும் இல்லை, தண்டிக்கப்படவும் இல்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், பெண்ணுரிமை பற்றி ஏதும் அறியாத ஒருத்தியை மணந்து வருகிறான். மஞ்சு வழியிலேயே காரிலிருந்து இறங்கிக்கொள்கிறாள். பார்ப்போர்க்கு எவ்வித ஆறுதலும் தரப்படவில்லை. உரையாடல் மிகுதி என்னும் குற்றச்சாட்டு மெய்யே. ஆனால், ஆடவரின் பேச்சுக்கும் வாழ்வுக்கும் உள்ள முரணே படத்தின் பொருள் ஆதலின், அப்பேச்சு வீண்பேச்சு அன்று.

ருத்ரய்யா இதன்பின் 'கிராமத்து அத்தியாயம்' (1980) என்னும் ஒரு படத்தை மட்டுமே இயக்கினார், 2014இல் மறைந்தார். விளைச்சலை மட்டும் எண்ணுவோர் அவரை எளிதில் கடந்துவிடுவர். மாணவர்க்குத் திரைப்படத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர் அவ்வாறு கடந்துவிடலாகாது.