திரிதலும் அவாவுதலும்
(திருநங்கையர் தன்வரலாற்று நூல்கள் குறித்த ஒரு மதிப்பீடு)

உலகப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது தமிழ் இலக்கணம். உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாக வகுத்தது. இப்பகுப்பினுள் எளிதில் அடங்காத மாந்தரும் உலகில் உண்டு என்பதைத் தொல்காப்பியர் மறந்தாரல்லர். கிளவியாக்கத்தில் அத்தகையோரைக் குறிக்கும் பெயரைத் தெய்வப் பெயரோடு ஒருங்கு வைத்து, தமக்கெனத் தனி ஈறு இல்லையாயினும் அவை உயர்திணை ஈற்றையே ஏற்கும் என்றார். மற்றொரு நூற்பாவில், ஆண்மையினின்று நீங்கியவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் முடிபு கொள்ளாது என்றும் விதித்தார். உரையாசிரியர்கள் இப்பெயரைப் பேடி என விளக்கினர்.

நூற்றாண்டுகள் பல கழிந்த பின்னர் நன்னூல் செய்த பவணந்தியார் இதே செய்தியை வேறொரு சொல்லால் உரைத்தார். தொல்காப்பியர் 'திரிதல்' என்னும் வினையை ஆண்டார். பவணந்தியாரோ 'அவாவுதல்' என்னும் வினையை ஆண்டார். பெண்மையை விடுத்து ஆண்மையை அவாவுவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விடுத்துப் பெண்மையை அவாவுவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்பது அவர் கருத்து. ஒருவரை இன்ன பால் எனத் துணிவதற்குப் புறத்தோற்றத்தை விட்டு, அவருடைய உள்ளத்து விருப்பத்தை அளவுகோலாகக் கொண்டது இவ்விதி. எனினும் அதே நூற்பா, இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிகின்றது. ஒரு கையால் கொடுத்த மதிப்பை மறு கையால் பறித்துக் கொண்டாற்போன்ற முடிபு இது.

திரிதல் என்பது புறத்தே நின்று பார்ப்பவரின் சொல். அவாவுதல் என்பது அகத்தே நின்று உணர்பவரின் சொல். இவ்வேறுபாட்டை உளங்கொண்டு, அண்மைக் காலத் தமிழில் தோன்றிய சில நூல்களை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறத்தே நின்று எழுதியோர்

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடு என்பதும் ஒன்று. காமன் தன் மகனைச் சிறை மீட்கும் பொருட்டு வாணனின் நகரில் ஆடிய கூத்து அது. பாரதக் கதையில் சிகண்டியும், பேடி வடிவில் மறைந்து வாழ்ந்த அருச்சுனனும் இடம் பெறுகின்றனர். தமிழ்நாட்டுக் கூவாகத்தில் ஆண்டுதோறும் நிகழும் சித்திரை விழா அரவான் களப்பலிக் கதையை அடியொற்றியது. 'அரவாணி' என்னும் சொல் அக்கதையினின்றும் பிறந்ததேயாகும். ஆயினும் இவ்விடங்களில் எல்லாம் வேடமும் கூத்தும் சாபமுமே பேசப்படுகின்றன. அவற்றைத் தாங்கி வாழும் மாந்தரின் அன்றாடம் பேசப்படவில்லை.

தற்கால உரைநடையில் இவ்வன்றாடத்தைத் தொட்டவர்களுள் முன்னோடி கி. ராஜநாராயணன். 'கோமதி' என்னும் சிறுகதையில், பெண்மை மிகுந்த சமையற்காரர் ஒருவரின் காதலை அவர் எழுதினார். கதை நகைச்சுவையில் தொடங்கிச் சிரித்தவரையே நாண வைக்கும் இயல்புடையது. பின்னர் 1990களில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலை எழுதினார். கல்லூரி மாணவனான சுயம்பு தன்னுள் இருக்கும் பெண்ணை அறிந்து, வீட்டாராலும் ஊராராலும் விரட்டப்பட்டு, தம்மைப் போன்றோரின் கூட்டத்தில் அடைக்கலம் புகும் கதை அது. வெகுசன வாசகரிடம் இம்மாந்தரின் துயரைக் கொண்டு சேர்த்த பெருமை இந்நாவலுக்கு உண்டு. குறையும் உண்டு. வாசகரின் இரக்கத்தைப் பெறவேண்டும் என்னும் ஆர்வத்தால், ஆசிரியர் தம் பாத்திரத்தைக் குற்றமற்ற இலட்சிய உருவாக உயர்த்திவிடுகின்றார். குற்றமற்றவராக இருந்தால்தான் ஒருவர் மனிதராக மதிக்கப்படுவார் என்னும் நிபந்தனை, அறியாமலே நாவலுக்குள் நுழைந்துவிடுகின்றது.

அகத்தே நின்று எழுதியோர்

இந்நிலையை மாற்றியவை தன்வரலாற்று நூல்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-இல் கிழக்கு பதிப்பக வெளியீடாக வந்தது. ரேவதி முதலில் தம்மைப் போன்றோர் பலரின் வாக்குமூலங்களை 'உணர்வும் உருவமும்' எனத் தொகுத்தார். பின்னர்த் தம் வாழ்க்கையை எழுதினார். அது வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது; தமிழில் 'வெள்ளை மொழி' எனும் பெயரில் 2011-இல்தான் அச்சேறியது. தமிழில் வாழ்ந்த வாழ்க்கை முதலில் ஆங்கில வாசகரைச் சென்றடைந்தது என்பது தமிழ்ப் பதிப்புலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

வித்யாவின் நூல் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்காகக் கடப்பை நோக்கிச் செல்லும் இரயில் பயணத்தில் தொடங்குகின்றது. முறையான ஆலோசனையோ பரிவோ பின்கவனிப்போ இல்லாத சூழலில், உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தப்படும் சிகிச்சை அது. நினைவு தெளிவாக இருக்கும் நிலையில் அவ்வலியை ஏற்றுக்கொள்பவரின் உள்ளத்தில் அச்சத்தினும் மகிழ்ச்சியே மேலோங்கி நிற்கின்றது. இந்த அமைப்பு வெறும் உத்தியன்று. முதல் அத்தியாயத்தைப் படித்தவர், இவ்வளவு வலியையும் ஒருவர் விரும்பி ஏற்பாராயின் அவருடைய அவா எத்துணை ஆழமானதாக இருத்தல் வேண்டும் என்று வினவியே இரண்டாம் அத்தியாயத்திற்குள் நுழைகின்றார். பிறகு வரும் திருச்சி இளமை நாள்கள், மகனை ஆட்சித்தலைவராகக் காண விழைந்த தந்தையின் கண்டிப்பு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மொழியியல், இரயில் பெட்டிகளில் கையேந்திய நாள்கள் ஆகியன யாவும் அவ்வினாவிற்கு விடைகளாக அமைகின்றன.

நூலின் பிற்பகுதி வேலைக்கும் பெயர் மாற்றத்திற்குமான போராட்டமாக விரிகின்றது. முதுகலைப் பட்டம் பெற்றவர் பிச்சையெடுக்க நேர்ந்ததேன் என்னும் வினாவிற்கு, சான்றிதழில் ஒரு பெயரும் முகத்தில் வேறொரு பெயரும் இருந்ததே விடையாகின்றது. இப்பகுதியில் நடை சற்று விரைகின்றது. சில மாந்தர் பெயரளவில் தோன்றி மறைகின்றனர். ஆயினும் தன்னிரக்கத்தை அண்டவிடாத நகைச்சுவையே நூலை இறுதிவரை தாங்குகின்றது. இந்நூலைத் தழுவி பி. எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் இயக்கிய 'நானு அவனல்ல... அவளு' திரைப்படத்தில் நடித்த சஞ்சாரி விஜய், சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றார். படத்தின் பெயரே ஒரு பால் வழுவைத் திருத்துவதாக அமைந்திருத்தல் இலக்கண ஆசிரியர்க்கு இனிய செய்தியாகும்.

ரேவதியின் நூல் வேறு வகையது. வித்யாவின் நூல் வீட்டை விட்டு வெளியேறி உலகில் இடம் தேடுகின்றது. 'வெள்ளை மொழி'யோ மீண்டும் மீண்டும் வீட்டிற்கே திரும்புகின்றது. நாமக்கல் வட்டாரச் சிற்றூரில் உடன்பிறந்தோரால் அடிபட்டு ஓடியவர், மீண்டும் வருகின்றார், மீண்டும் விரட்டப்படுகின்றார், எனினும் முதிய பெற்றோரைப் பேணும் கடமையைக் கைவிடாது மறுபடியும் வருகின்றார். காவலரின் வன்முறை, பாலியல் தொழிலின் இழிவுகள், தம் சமூகத்திற்குள்ளேயே நிலவும் குரு–சேலா முறையின் கடுமை ஆகியவற்றை மறைக்காமல் எழுதியிருப்பது நூலின் துணிவு. தம்மவரைப் புனிதராகக் காட்டும் முயற்சி இதில் இல்லை. சமுத்திரத்தின் நாவலில் விடுபட்ட குறைகளுள்ள மனிதர், இங்கே முழு உருவோடு நடமாடுகின்றார். பெங்களூரின் 'சங்கமா' அமைப்பில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, படிப்படியாகப் பொறுப்புகளை ஏற்ற பின்னரே ரேவதி எழுதத் தொடங்கினார் என்பதும் நோக்கத்தக்கது. மனு எழுதிய கை பின்னர் நூலும் எழுதியது.

நூலும் சட்டமும்

இந்நூல்கள் தோன்றிய காலத்தை ஒட்டியே பொதுவாழ்விலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2008-இல் தமிழக அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவைச் சிகிச்சைக்கும் வழி பிறந்தது. 'திருநங்கை' என்னும் சொல் அரசு வழக்காயிற்று. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. உலக நலவாழ்வு அமைப்பு, 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில், பாலின முரண்பாட்டை மனநோய்ப் பிரிவினின்றும் நீக்கியது. அவாவுதல் நோயன்று என்பதை மருத்துவமும் ஒப்புக்கொண்டது எனலாம்.

2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை தமிழாசிரியர்க்குத் தனிச்சிறப்புடையது. தன்பாலீர்ப்புடைய இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கோரித் தொடுத்த வழக்கு அது. இப்பொருளைத் தாம் முழுமையாக அறியவில்லை என ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்ட பின்னரே அந்நீதிபதி தீர்ப்பெழுதினார். இவ்வியல்பை 'மாற்றும்' பொருட்டுச் செய்யப்படும் மருத்துவ முயற்சிகளுக்கு அவர் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக, இம்மாந்தரைக் குறிக்கத் தக்க சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. நீதிமன்றத்தின் வழக்கொன்று கலைச்சொல்லாக்கத்தில் சென்று முடிந்தது அரியதொரு நிகழ்வே.

மலேசிய மண்ணில்

மலேசியாவின் நிலை வேறு. இந்நாட்டுச் சட்டமும் சமய மரபுகளும் வேறு வழியில் அமைந்தவை. 2018 ஆகஸ்டில், ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சி ஒன்றிலிருந்து திருநங்கையர் நலனுக்காகக் குரல் கொடுக்கும் நிஷா அயூப் படமும், பாங் கீ தெக் படமும் அகற்றப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில், இதே பினாங்கில், தமிழ் இளைஞர் ஒருவர் தாக்குண்டு மருத்துவமனையில் உயிர் நீத்தார். பெண்மைச் சாயலுடையவர் எனப் பள்ளி நாள்களிலேயே அவர் கேலி செய்யப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. சட்டம் குறித்து அறிஞர் பலவாறு கருதலாம். கேலி குறித்து ஆசிரியர்க்கு இரண்டு கருத்துகள் இருத்தல் இயலாது.

மலேசியத் தமிழ் இலக்கியம் இப்பொருளை அறவே தொடாதிருக்கவில்லை. ம. நவீனின் 'சிகண்டி' நாவல் கோலாலம்பூரின் சௌகிட் பகுதியையும் அங்கு வாழும் திருநங்கையரையும் களமாகக் கொண்டது. நகரத்தின் இருளில் நடமாடுவோரைக் காவிய மாந்தர் அளவிற்கு உயர்த்திப் பார்க்கும் முயற்சி அது. ஆயினும் வித்யாவும் ரேவதியும் எழுதியதைப் போன்று, தாமே தம் வாழ்வை எழுதும் தன்வரலாற்று மரபு இங்கு வேரூன்றவில்லை. புக்கிட் மெர்தாஜாம் போன்ற ஊர்களில் வளரும் இளைஞர் ஒருவர் தம் உள்ளத்து முரணை எழுத விழைந்தால், அவர்க்கு முன்மாதிரியாக விளங்கும் உள்நாட்டு நூல் கிடைத்தல் அரிது. அவர்க்கு எளிதில் கிடைப்பவை வசைச் சொற்களே. 'பொண்டான்' என்னும் மலாய்ச் சொல்லும், 'ஒன்பது' என்னும் தமிழ் எண்ணுப்பெயரும் அவற்றுள் அடங்கும். கணக்குப் பாடத்தில் ஒன்பது என்றவுடன் ஒரு மாணவனைத் திரும்பிப் பார்த்து வகுப்பே சிரிக்குமாயின், அங்கே கற்பிக்கப்படுவது கணிதம் மட்டுமன்று.

முடிவாக

இந்நூல்களைத் திறனாய்வோர் பலர், இவற்றைத் துயர ஆவணங்களாகக் கொண்டு இரங்குவதோடு அமைகின்றனர். அது போதாது. வித்யாவின் நூலமைப்பும் ரேவதியின் மறைப்பில்லா நேர்மையும் தன்வரலாறு என்னும் இலக்கிய வகைக்கே புதிய வலிமை சேர்த்தவை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', நாமக்கல் கவிஞரின் 'என் கதை' முதலியவற்றைப் பயிற்றும் உயர்கல்விப் பாடத்திட்டத்தில், இவையும் தன்வரலாறு என்னும் தகுதியாலேயே இடம் பெறத் தக்கவை.

ஆரம்பப் பள்ளி மாணவர்க்கு இந்நூல்கள் உரியனவல்ல. அவற்றின் சில பகுதிகள் முதிர்ந்த வாசகரையே வேண்டுவன. ஆனால் ஆசிரியர் படிக்கலாம். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் கட்டாயம் படித்தல் வேண்டும். உயர்திணை, அஃறிணை எனக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், வகுப்பின் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பிறர் எத்திணையில் வைத்து அழைக்கின்றனர் என்பதையும் கவனித்தல் கடன். தொல்காப்பியர் அத்தகையோரை உயர்திணையில் வைத்தார். நன்னூலார் அவர்தம் அவாவைக் கேட்டார். எனினும் அஃறிணைக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தார். வித்யாவும் ரேவதியும் தம் நூல்களால் அக்கதவை அடைத்துள்ளனர். அது மீண்டும் திறவாதவாறு காத்தல் வகுப்பறையில் நிற்பவரின் பொறுப்பாகும்.