எழுப்பும் கை, அடக்கும் கை

பேஸ் கிட்டாரைப் பற்றி இப்போது யார் எழுதினாலும் ஒரே விடுதலைக் கதைதான். 1976க்கு முன் அந்த வாத்தியம் பின்வரிசையில் நின்று கிட்டாருக்கும் பாடகருக்கும் ஒத்து ஊதிக்கொண்டிருந்ததாம். அந்த ஆண்டு ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் முதல் ஆல்பத்தோடு வந்து விலங்கை உடைத்தாராம். அதன் பிறகு ஸ்லாப், டாப்பிங், இரட்டைக் கட்டைவிரல், ஆறு தந்தி என்று ஒரே ஏறுமுகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தந்தியை எப்படியெல்லாம் சுண்டலாம், அடிக்கலாம், தட்டலாம் என்ற கணக்கை மட்டும் எழுதி, அதையே வாத்தியத்தின் வரலாறு என்கிறார்கள். எழுந்த ஒலியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது இன்னொரு கலை. பேஸின் வேலையில் பாதிக்கு மேல் அதுதான். அதில் தேர்ந்தவர்கள் மேடையின் முன்விளிம்புக்கு வந்து நின்றதில்லை என்பதால் அது வரலாற்றிலும் ஏறவில்லை.

தொடக்கம் தெரிந்த கதை. ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தும், ஊதுகருவிகளுக்கு நடுவே அது காதில் விழாமல் போன காலத்தில், கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் 34 அங்குலத் தந்தி நீளமும் ஃப்ரெட்களும் உள்ள மின் பேஸைக் கொண்டுவந்தார். ஃப்ரெட் இருந்ததால் சுருதி பிசகாது. அதனால் பிரிசிஷன் என்று பெயர். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி அதை ஊர் ஊராக வாசித்துக் காட்டினார். அந்தப் பழைய ஃபெண்டர்களில் மெல்லிய தந்திக்குக் கீழே ஒரு சிறு கட்டை இருக்கும். நான்கு விரல்களாலும் அதைப் பற்றிக்கொண்டு கட்டைவிரலால் வாசிக்க வேண்டும் என்பது ஃபெண்டரின் திட்டம். அதைப் பின்பற்றியவர்கள் சிலரே. அவருடைய இன்னொரு ஏற்பாட்டைத்தான் யாரும் பேசுவதில்லை. குதிரையை மூடிய பளபளப்பான உலோக மூடிக்குள் தந்திகளை அமுக்கும் ஒரு மெத்தைத் துண்டு இருந்தது. ஒலி நீண்டு முழங்குவது குறை என்று வாத்தியத்தைச் செய்தவரே கருதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்த மூடியைக் கழற்றிப் போட்டதையும் முன்னேற்றக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அதைக் கழற்றாமல் விட்டவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் வெஸ்ட் கிராண்ட் புல்வார்டில் இருந்த ஒரு வீடுதான் மோட்டவுன் நிறுவனம். ‘பாம்புப் பள்ளம்’ என்று வாசிப்பவர்கள் பெயர் வைத்திருந்த அதன் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1962 மாடல் பிரிசிஷனை வைத்துக்கொண்டு அவர் செய்துவிட்டுப் போனதை இந்த வாத்தியம் இன்னும் முழுக்கச் செரிக்கவில்லை. டபுள் பேஸிலிருந்து வந்தவர் என்பதால் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்தது. அதற்குச் சகாக்கள் வைத்த பெயர் கொக்கி. தடித்த, தட்டைக் கம்பி சுற்றிய தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்கேறிய தந்தியும் மெத்தைத் துண்டும் சேர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் பிறந்த கையோடு தணித்துவிடும்.

அப்படித் தணிந்ததால்தான் அவரால் அத்தனை சுரங்களை வைக்க முடிந்தது. ஃபோர் டாப்ஸின் ‘பெர்னடெட்’ (1967), ஸ்டீவி வொண்டரின் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’ (1968) இரண்டையும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். கார்டின் அடிச்சுரத்தில் நின்று காவல் காப்பதை ஜேமர்சன் விட்டுவிட்டார். அடிச்சுரத்துக்கு அரைச்சுரம் கீழிருந்து ஏறுகிறார், எதிர்பார்க்கும் தட்டுக்குச் சற்று முன்பே வந்து இறங்குகிறார், திறந்த தந்தியை மிதித்து அடுத்த இடத்துக்குத் தாவுகிறார். இரண்டாவது பாடலில் ஒரு சொற்கட்டு அப்படியே திரும்பி வருவது அரிது. இவ்வளவு நெரிசலிலும் பாடகரின் ஒரு சொல்கூட மூழ்கவில்லை. நீண்டு ஒலிக்கும் இன்றைய தந்தியில் அதே வரிசையை வாசித்தால் எல்லாம் கூழாகிவிடும். ஒரு விரல், பழைய தந்தி, கொஞ்சம் பஞ்சு: நம் விடுதலைக் கதைக்காரர்கள் இதைப் ‘பழமையான உத்தி’ என்ற ஒரே வரியில் கடந்துபோகிறார்கள்.

அவருக்குக் கிடைத்தது என்ன? மோட்டவுன் அறுபதுகளின் இசைத்தட்டு உறைகளில் வாசித்தவர்களின் பெயரைப் போட்டதே இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் ஜேமர்சனின் பெயர் அச்சேறியது. அடுத்த ஆண்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் மாறியது. 1983இல் அதன் வெள்ளிவிழா நிகழ்ச்சி நடந்தபோது அவர் டிக்கெட் வாங்கிப் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆண்டே ஆகஸ்டில் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்கு அவர் ஞாபகம் வர 2000 ஆயிற்று.

லாஸ் ஏஞ்சல்ஸில் இதே காரியத்தை எதிர்வழியில் செய்தவர் கேரல் கே. ஜாஸ் கிட்டார்காரர். ஒலிப்பதிவுக்கு வராத ஒரு பேஸ் கலைஞருக்குப் பதிலாக 1963இல் உட்கார்ந்தவர், பிறகு அந்த நாற்காலியை விடவில்லை. விரலுக்குப் பதில் கெட்டியான பிக். குதிரையருகே தந்திகளின் மேல் ஒரு கம்பளித் துண்டு. தொடக்கம் உளி வைத்தாற்போல் விழும், வால் இருக்காது. பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) ஆல்பத்தில் பேஸ் பல இடங்களில் இரண்டாவது மெட்டாக நடப்பதற்குப் பிரையன் வில்சனின் கற்பனையோடு இந்தக் கம்பளித் துண்டும் காரணம். 2025இல் புகழ் மண்டபம் அழைத்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். தொண்ணூறு வயதில் அதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

இதற்கிடையே இங்கிலாந்தில் ‘தி ஹூ’வின் ஜான் என்ட்விசில் ‘மை ஜெனரேஷன்’ (1965) பாடலில் பேஸுக்குத் தனிவாசிப்பு எடுத்தார். அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உருண்டைக் கம்பித் தந்திகள் பியானோ போல முழங்கின. உண்மையான திருப்பம் இங்கேதான் நடந்தது. அதுவரை தந்தியும் பஞ்சும் செய்துவந்த அடக்கும் வேலை முழுவதும் வாசிப்பவரின் கைக்கு வந்து சேர்ந்தது. சிலர் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள், பலர் சலுகையாக.

ஸ்லாப்பின் பிறப்பைப் பார்த்தாலே இது தெரியும். லாரி கிரஹாம் தன் தாயாரின் சிறு குழுவில் வாசித்தபோது டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. கட்டைவிரலால் அடித்துப் பெரிய டிரம்மையும், விரலால் தந்தியை இழுத்துவிட்டு ஸ்னேரையும் ஈடுகட்டினார். பாட்டுக்குத் தேவைப்பட்ட உபாயம் அது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனோடு அவர் 1969இல் வாசித்ததில் அடிக்கு அடி இடது கை தந்தியை மூடுகிறது. மூடாவிட்டால் டிரம் கேட்காது. அடுத்து வந்த தலைமுறை அடியை எடுத்துக்கொண்டு மூடுவதை விட்டுவிட்டது. 1977இல் ‘பெக்’ பாடலின் பதிவில் ஸ்டீலி டான் இருவரும் ஸ்லாப் வேண்டவே வேண்டாம் என்றார்களாம். சக் ரெய்னி தடுப்புக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து ஸ்லாப் அடித்தார், அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. மறைந்து வாசித்ததாலோ என்னவோ, அளவோடு வாசித்தார். எண்பதுகளில் மறைய வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. லெவல் 42இன் மார்க் கிங் மார்பு வரை தூக்கிக் கட்டிய பேஸில் இயந்திரத் துப்பாக்கியாகச் சுட்டார். வாத்தியக் கடைகளில் பையன்கள் இன்றுவரை அதைத்தான் முயன்று பார்க்கிறார்கள். விக்டர் வூட்டனின் மேலும் கீழும் போகும் கட்டைவிரல் அசாத்தியமானது, மறுக்கவில்லை. அந்த வித்தை இல்லாமல் எந்தப் பாட்டு நொண்டியிருக்கும் என்றுதான் தெரியவில்லை.

ஜாக்கோவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஃப்ரெட்களைப் பிடுங்கி, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பலகையில் பூசி, ஜாஸ் பேஸைப் பாட வைத்தவர். ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’யில் ஹார்மோனிக்ஸை வைத்தே ஒரு முழு இசையை நெய்தவர். ஆனால் அவர் ஓட்டமாக வாசிக்கும் பதினாறாம் பாகச் சுரங்களைக் கவனியுங்கள். இடது கையின் சும்மா இருக்கும் விரல்கள் தந்திமேல் படுத்தே கிடக்கின்றன. ஒவ்வொரு சுரமும் நறுக்கி வைத்தாற்போல் விழுகிறது. இதை அவர் பி. பி. கிங்கோடும் கிங் கர்டிஸோடும் வாசித்த ஜெர்ரி ஜெமட்டிடமிருந்து கேட்டுக் கற்றார். ஆக, சங்கிலியை அறுத்தவராகச் சொல்லப்படுபவர் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. பின்பற்றியவர்கள் அவருடைய சறுக்கல்களையும் ஹார்மோனிக்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். நறுக்கலை எடுத்துக்கொள்ளவில்லை.

நறுக்கல் வேறு இடங்களில் வளர்ந்தது. ஜமைக்காவில் ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பாரெட்டும் ராபி ஷேக்ஸ்பியரும் நாலைந்து சுரம் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். அந்த இடைவெளியும் மெட்டில் சேர்த்திதான், அதையும் சேர்த்துத்தான் நாம் முணுமுணுக்கிறோம். நியூயார்க்கில் ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் 1979இல் ‘குட் டைம்ஸ்’ பாடலில் மூன்று தட்டு, பிறகு மௌனம், பிறகு ஓர் ஏற்றம் என்று வைத்தது அதே ஆண்டு ‘ராப்பர்ஸ் டிலைட்’டுக்கு அடித்தளம் ஆனது. அடுத்த ஆண்டு குவீனின் ஜான் டீக்கனுக்கும் அதுவே வழிகாட்டியது. டிஸ்கோ என்றாலே முகம் சுளித்த ராக் விமர்சகர்கள் இதைப் பேஸ் வரலாற்றில் சேர்க்க வெகுகாலம் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதிக் கொடுப்பவர். அந்த முறையில் சுரத்துக்குக் கால அளவு உண்டு, மௌனத்துக்கும் தனிக் குறி உண்டு. எண்பதுகளில் அவர் குழுவில் பேஸ் வாசித்த சசிதரன், எங்கே தொட வேண்டும் என்பதோடு எங்கே விட வேண்டும் என்பதையும் தாளில் பார்த்தே வாசித்தார். அந்தப் பாடல்களில் பேஸ் எதிர்மெட்டாக நடந்தும் குரலை இடிக்காமல் இருப்பது அதனால்தான். இன்று ‘ராஜா பேஸ்’ என்று வாசித்துக் காட்டும் இளைஞர்கள் சுரங்களைத் துல்லியமாகப் பிடித்துவிடுகிறார்கள், வெற்றிடங்களை ஸ்லாப்பால் நிரப்பிவிடுகிறார்கள். கேசட் உறைகளில் சசிதரனின் பெயரைத் தேடிப் பயனில்லை. டெட்ராய்ட்டின் கஞ்சத்தனம் கோடம்பாக்கத்திலும் இருந்தது.

விடுதலைக் கதை சொல்பவர்கள் பீனோ பல்லடினோவின் தொழில்வாழ்க்கையை எங்கே வைப்பார்கள் என்று அறிய ஆவல். 1983இல் பால் யங்கின் ‘வேர்எவர் ஐ லே மை ஹாட்’ பாடலில் ஃப்ரெட் இல்லாத பேஸைக் குழைந்து பாட வைத்து, பிரிட்டன் முழுக்க அந்த ஒலியைத் தேட வைத்தவர் அவர். அவர்கள் கணக்கில் அங்கிருந்து ஆறு தந்திக்குப் போயிருக்க வேண்டும். அவர் பழைய பிரிசிஷனுக்கும் தட்டைக் கம்பித் தந்திக்கும் திரும்பினார். டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ (2000) ஆல்பத்தில் ஒவ்வொரு சுரத்தையும் டிரம்ஸுக்கு ஒரு மயிரிழை பின்னால் வைத்து, அது முழங்கத் தொடங்குமுன் கையை வைத்து மூடுகிறார். கடந்த கால் நூற்றாண்டில் ஆர் அண்ட் பி பேஸ்காரர்கள் அதிகம் திருடியது இந்த ஆல்பத்திலிருந்துதான். திருட்டில் பாதி, கையை எடுக்கும் நேரம்.